நிஷி-கசாய் புது சுஷிக் கடை: சோறு பாஸ், ராத்திரி ஃபெயில்

எங்கள் வீட்டிலிருந்து ஏழு நிமிஷ நடையில், முன்னாடி ட்ரை க்ளீனிங் கடை இருந்த இடத்தில், பிப்ரவரியில் ஒரு சுஷிக் கடை திறந்தார்கள். கவுன்ட்டரில் எட்டு நாற்காலி, மூலையில் நாலு பேர் உட்காரும் ஒரு மேஜை, அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டிய ஒரு சமையல்காரர், கூட அவர் மனைவி. இந்த நாலு மாசத்தில் ஆறு தடவை போயிருக்கிறேன். நாலு மதியம், ரெண்டு ராத்திரி. மதியங்களைப் பற்றி நல்லவிதமாகவும் ராத்திரிகளைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவும் எழுதப்போகிறேன். ரெண்டு பேர் கைக்காசு போட்டு நடத்தும் கடை என்பதால் பெயர் போடவில்லை. பேட்டையில் இருப்பவர்களுக்கு எது என்று தெரிந்துவிடும். மற்றவர்களுக்குப் பெயரால் பெரிய பயன் இல்லை.

டோக்கியோவில் ஒரு சுஷிக் கடை திறப்பது செய்தியா என்று கேட்கலாம். செய்திதான். இங்கே பேட்டைக்கு ஒன்றாக இருந்த சின்னச் சின்ன சுஷிக் கடைகள் வருஷா வருஷம் மூடிக்கொண்டிருக்கின்றன. நடத்தியவருக்கு வயசாகிவிடும், பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், ஒருநாள் கதவில் நன்றி சொல்லி ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். புதுசாகத் திறப்பவை ரெண்டு வகை. ஒன்று, டேப்லெட்டில் தட்டினால் பெல்ட்டில் தட்டு வரும் பெரிய சங்கிலிக் கடைகள். இன்னொன்று, கின்சா பக்கம் ஒரு ஆளுக்கு முப்பதாயிரம் யென் கேட்கும் கடைகள். நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நடுவில் ஒருத்தர் துணிந்து கடை போட்டிருக்கிறார் என்பதால்தான் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுகிறேன். அது நிலைக்கணும் என்று எனக்கு ஆசை.

முதலில் சோறு.

ஊரிலிருந்து யார் வந்தாலும் "சுஷின்னா பச்சை மீன்தானே?" என்பார்கள். இல்லை. பச்சை மீனை மட்டும் வெட்டி வைத்தால் அதற்குப் பேர் சஷிமி. சுஷி என்றால் வினிகர் கலந்த சோறு. மேலே மீன் இருக்கலாம், முட்டை இருக்கலாம், வெள்ளரிக்காய் இருக்கலாம், சோறு இல்லாமல் சுஷி கிடையாது. அந்தச் சொல்லே புளிப்பு என்ற பொருளில் இருந்து வந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லும் விளக்கம்.

இந்தப் புளிப்பு முதலில் வினிகரால் வந்ததில்லை. ஷிகா மாகாணத்தில் பிவா ஏரிக்கரையில் இன்றும் ஃபுனாசுஷி என்று ஒன்று செய்கிறார்கள். ஏரிக் கெண்டையை உப்பில் ஊறவைத்து, பிறகு சோற்றுக்குள் புதைத்து மாசக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் வைப்பது. சோறு புளிக்கும், அந்தப் புளிப்பில் மீன் கெடாமல் இருக்கும். நம்ம பழைய சோற்றைப் புளிக்கவைக்கும் அதே லாக்டிக் அமில பாக்டீரியா வகையறாதான். வாசனையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சோறு அங்கே மீனைக் காக்கும் சரக்கு, கூழாகிப் போனதைப் பல பேர் வழித்துப் போட்டுவிடுவார்கள். பிறகு வந்த நூற்றாண்டுகளில் ஊறவைக்கும் காலம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் "மாசக்கணக்கில் எதுக்குக் காத்திருக்கணும், வினிகரை ஊத்திட்டாப் போச்சு" என்ற இடத்துக்கு வந்தார்கள். 1820-களில் எடோவில், அதாவது பழைய டோக்கியோவில், கையால் பிடித்து உடனே தரும் நிகிரி சுஷி பரவியது. ஹனாயா யோஹெய் என்ற ரியோகோகு கடைக்காரர் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்.

அந்த எடோ சோற்றுக்கு ஊற்றியது சிவப்பு வினிகர். இப்போது நகோயாவுக்குத் தெற்கே இருக்கும் ஹண்டாவில், நகானோ மதாசாஎமோன் என்ற சாகே வியாபாரி 1804-இல் தொடங்கிய தொழில் இது. அரிசி மது வடித்த பிறகு மிஞ்சும் வண்டலை முதிரவைத்து வினிகர் ஆக்கினார். அரிசி வினிகரைவிட மலிவு, நிறமும் மணமும் தூக்கல். கப்பலில் எடோவுக்குப் போய் சுஷிக்காரர்களுக்கு இதுவே ஆகிவந்தது. போருக்குப் பிறகு வெள்ளை வினிகரும் சர்க்கரையும் பொதுவாகிவிட்டது. கொஞ்ச வருஷமாக விலை உயர்ந்த கடைகளில் சிவப்பு மறுபடியும் ஃபேஷன்.

நம்ம கடைக்காரரும் சிவப்புதான். சோறு லேசான தேநீர் நிறத்தில் இருக்கிறது. ஃபேஷனுக்குப் போட்டிருக்கிறாரோ என்ற சந்தேகத்தோடுதான் முதல் நிகிரியை வாயில் வைத்தேன். உப்பு முதலில் வருகிறது, புளிப்பு பின்னால் வருகிறது, இனிப்பு கிட்டத்தட்ட இல்லை. முக்கியமானது சூடு. சோறு உடம்புச் சூட்டில் இருந்தது. சங்கிலிக் கடையில் சோறு எந்திரத்தில் கட்டியாக வந்து விழும், கடிக்கும்போது களிமண் மாதிரி ஒரே துண்டாக நிற்கும். இங்கே பலகையில் வைத்த அரை நொடியில் நிகிரி தன் எடையிலேயே ஒரு மில்லிமீட்டர் அமர்கிறது. உள்ளே காற்று விட்டுப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். கையில் எடுத்தால் உதிராது, வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரியும்.

அரிசியிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இது ஏன் கஷ்டமான வேலை என்று புரியும். நம்ம ஊரில் உதிரி உதிரியாக இருந்தால் நல்ல சோறு, இங்கே ஒட்டினால் நல்ல சோறு. பொன்னியில் அமைலோஸ் கூட, அதனால் ஒட்டாது. ஜப்பான் குட்டை அரிசியில் குறைவு, அதனால் ஒட்டும். சுஷிக்கு ரெண்டும் வேணும், கையில் இவர்கள் சோறு, வாயில் நம்ம சோறு. அதனால்தான் ரொம்ப ஒட்டும் கோஷிஹிகாரியைத் தனியாகப் போடப் பல பேர் தயங்குவார்கள். என்ன அரிசி என்று கேட்டேன். சசானிஷிகியோடு போன வருஷத்துப் பழைய அரிசி கலக்கிறாராம். பழசில் ஈரம் குறைவு, வினிகரை நன்றாகக் குடிக்கும்.

சசானிஷிகிக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1993-இல் கோடையே இல்லாமல் போய் விளைச்சல் படுத்தது. குளிர் தாங்காத சசானிஷிகிக்கு அடி பலம், விவசாயிகள் அதற்குப் பிறகு வேறு ரகங்களுக்கு மாறிவிட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் ஜப்பான் தாய்லாந்திலிருந்து நீள அரிசி இறக்குமதி செய்தது. மக்கள் முகம் சுளித்தார்கள். பாவம் அந்த அரிசி. குக்கரில் குட்டை அரிசி மாதிரி வடிக்காமல் வேகவைத்துவிட்டு ஒட்டவில்லை என்று திட்டினால் அது என்ன செய்யும்? எங்கள் வீட்டுக்குக் கொடுத்திருந்தால் புளியோதரை கிளறியிருப்போம்.

சோற்றுக்கு என்னைவிட நல்ல நீதிபதி என் மனைவி. அவள் மீன் சாப்பிட மாட்டாள். நோரியில் வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டும் கப்பா மகி, ஊறுகாய் முள்ளங்கி மகி, உமே புளிப்பும் ஷிசோ இலையும் வைத்த மகி, அவளுக்கு இந்த மூன்றுதான். (கப்பா என்பது ஆற்றில் இருப்பதாகச் சொல்லும் ஒரு குட்டிப் பூதம். அதற்கு வெள்ளரிக்காய் உயிர்.) இனாரியைக்கூட நம்ப முடியாது. அந்த டோஃபு உறையைப் பெரும்பாலும் மீன் துகள் போட்ட தாஷியில்தான் வேகவைப்பார்கள். முட்டையிலும் தாஷி, மிசோ சூப்பிலும் தாஷி. முதல் மதியமே கடைக்காரர் மனைவி தானாகவே வந்து, "சூப்பில் மீன் இருக்கிறது, டீ தரட்டுமா?" என்று கேட்டார். 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியர்கள் தோசாய் லைன் வசதிக்காகக் குடியேறிய பேட்டை இது. இங்கே கடை போடுகிறவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நியாயம்தான், இருந்தாலும் கேட்கும்போது சந்தோஷமாக இருந்தது. கப்பா மகியில் ஒளிந்துகொள்ள மீன் கிடையாது. சோறு சரியில்லை என்றால் அங்கே உடனே தெரிந்துவிடும். ரெண்டு துண்டு தின்றுவிட்டு அவள் சொன்னது: "என்னங்க, நம்ம எலுமிச்சை சாதத்துல புளிப்பு முதல்லயே நாக்குல ஏறும். இது முழுங்கின அப்புறம்தான் வருது."

இனி மீன். இங்கே நான் கொஞ்சம் வேகமாகப் போகிறேன்.

கொஹாதா பிரமாதம். மத்திக்கு உறவான, முள் நிறைந்த, வெள்ளித்தோல் மின்னும் சின்ன மீன். பச்சையாகத் தின்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. உப்பில் இத்தனை நிமிஷம், பிறகு வினிகரில் இத்தனை நிமிஷம் என்று அன்றைய மீனின் பருமனையும் கொழுப்பையும் பார்த்துக் கணக்குப் போடணும். அதனால்தான் சுஷிக் கடையின் தரத்தைப் பார்க்க முதலில் இதைக் கேள் என்பார்கள். நாலு மதியமும் கேட்டேன். நாலு தடவையும் நடுப்பகுதி ஈரமாக, ஓரம் மட்டும் வெளுத்து, சரியாக இருந்தது. மழைநாளில் ஒரு துளி உப்பு தூக்கல். விலை 250 யென்.

சூரையின் சிவப்புச் சதையை சோயாவில் ஊறவைத்துத் தருகிறார். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்து எடோ வேலை இது. அன்றைக்குக் கொழுப்பான வயிற்றுப் பகுதிக்கு மதிப்பே கிடையாது, பூனைகூடத் தாண்டிப் போகும் என்று கேலிப் பேர் வைத்திருந்தார்கள். இன்றைக்கு அந்தப் பூனை தாண்டிய பகுதிதான் மெனுவில் விலை அதிகம். கணவாய் நன்று. அனாகோ என்ற விலாங்கு போன்ற கடல்மீனை நன்றாக வேகவைத்திருக்கிறார், ஆனால் மேலே தடவும் கெட்டிக் குழம்பு இனிப்பு மிட்டாய். சோற்றில் இவ்வளவு கவனமாக இனிப்பைத் தள்ளிவைத்தவர் இங்கே ஏன் இப்படி வாரிப் பூசுகிறார் என்று புரியவில்லை. கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும் வைத்துத் தரச் சொன்னேன், தந்தார், அது நன்றாக இருந்தது.

சால்மனும் வைத்திருக்கிறார். பழைய பள்ளிக்காரர்கள் இதற்காக மூக்கைச் சுருக்குவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. பசிபிக் சால்மனில் அனிசாகிஸ் புழு உண்டு என்பதால் ஜப்பானியர்கள் அதைச் சுட்டுத்தான் தின்றார்கள், பச்சையாகத் தின்னவில்லை. வினிகர் அந்தப் புழுவைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைக்கணும். 1980-களின் நடுவில் நார்வே தன் பண்ணை சால்மனை ஜப்பானில் விற்கப் பெருமுயற்சி எடுத்தது. தீவனம் தின்று வளர்ந்த மீனில் புழுத் தொல்லை இல்லை என்று சொல்லித்தான் சுஷிக்குள் நுழைந்தார்கள். அதாவது "பாரம்பரிய ஜப்பான் உணவு" என்று உலகமே நினைக்கும் ஆரஞ்சு நிற சுஷிக்கு என் வயசைவிடக் குறைவு. ஆனால் என் பதினொரு வயசுப் பெண்ணுக்கு சுஷி என்றாலே அதுதான். பேட்டையில் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்காகத்தான் அதை வைத்திருக்கிறார், நான் அதை ஆதரிக்கிறேன். ஒரே குறை, அந்தச் சிவப்பு வினிகர் சோற்றோடு சால்மனின் கொழகொழப்பு சேரவில்லை. சில கடைகளில் சிவப்பு, வெள்ளை என்று ரெண்டு சோறு வைத்திருப்பார்கள். ரெண்டு பேர் நடத்தும் கடையில் அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

மதியம் ஒரு மணிக்கு மேல் போனால் செட் மட்டுமில்லாமல் தனித்தனியாகவும் கேட்கலாம். விருப்பப்படி என்ற பொருளில் இதற்கு ஒகோனோமி என்று பேர். சுவரில் மரப்பட்டைகளில் மீன் பேரும் விலையும் எழுதித் தொங்குகிறது. இதைத் தனியாகப் பாராட்டணும். பழைய கடைகளில் "அன்றைய விலை" என்று மட்டும் போட்டு வயிற்றைக் கலக்குவார்கள்.

மூன்றாம் தடவை போனபோது பக்கத்து நாற்காலியில் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர். ரெண்டு கொஹாதா, ஒரு கணவாய், ஒரு அனாகோ, கடைசியில் சோயாவில் இனிப்பாக வேகவைத்த சுரைக்காய்ப் பட்டை வைத்த மகி. டீ குடித்தார், எழுந்தார். மொத்தமே இருபது நிமிஷம். நடுவில் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். சின்ன வயசில் குளிர்காலம் முழுக்க வீட்டு வேலை என்றால் நோரித் தாள்களைச் சட்டத்தில் விரித்து வெயிலில் காயப்போடுவதுதானாம். ஒரு காலத்தில் இந்தக் கசாய் கடற்கரை நோரிக்கும் மட்டிக்கும் பேர் போனது. 1962-இல் மீனவர்கள் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். பிறகு கடலை நிரப்பினார்கள். நம்ம ஆட்கள் பாதிப் பேர் குடியிருக்கும் செய்ஷின்சோ, இன்னும் தெற்கே ரின்கைச்சோ எல்லாம் அப்படி வந்த தரைதான். நிஷி-கசாய் ஸ்டேஷனே 1979-இல்தான் திறந்தது. "நீங்க இருக்கிற கட்டடத்துக்குக் கீழே நான் மட்டி பொறுக்கியிருக்கேன்" என்றார். அவர் தின்ற மகியின் நோரி இப்போது எங்கிருந்தோ வருகிறது.

பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம் அவருக்கே செவிவழி. போர் முடிந்த கையோடு உணவுத் தட்டுப்பாடு. 1947-இல் உணவகங்களுக்கு அரசு தடை போட்டது. சுஷிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாங்கள் சாப்பாடு விற்கவில்லை, வாடிக்கையாளர் கொண்டுவரும் ரேஷன் அரிசியை சுஷியாக மாற்றிக் கொடுத்துக் கூலி வாங்குகிறோம், அவ்வளவுதான் என்றார்கள். மாவு மில்லுக்குத் தூக்கில் அரிசி கொண்டுபோகிற கணக்கு. ஒரு கோ அரிசி, அதாவது 180 மில்லி அளவு, கொண்டுவந்தால் பத்துத் துண்டு. இன்றைக்கும் "ஒரு ஆள் செட்" என்றால் ஏறக்குறைய அந்த எண்ணிக்கைதான். எடோ காலத்து நிகிரி இன்றையதைவிட ரெண்டு மூன்று மடங்கு பெரிசு, ரெண்டு தின்றால் பசி அடங்கும்.

அரிசி மறுபடியும் தலைப்புச் செய்தி ஆனது. 2024 ஆகஸ்ட்டில் சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் அரிசியே இல்லை. 2025 வசந்தத்தில் 5 கிலோ பையின் சராசரி விலை 4,200 யென்னைத் தாண்டியது, ஒரு வருஷத்துக்கு முன் அதில் பாதிதான். 2025-இல் அரசாங்கம் சேமிப்புக் கிடங்கைத் திறந்துவிட்டது. சுஷிக் கடை விலையேற்றம் என்றாலே எல்லாரும் அரிசியைக் காட்டுகிறார்கள், அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு நிகிரியும் ஒரு மகியும் சேர்ந்து சுமார் 230 கிராம் சோறு. அரிசியாக 105 கிராம் வரும். கிலோ 800 யென் என்று வைத்தாலும் 84 யென். விலை இரட்டித்ததால் ஒரு ஆளுக்குக் கூடியது நாற்பது யென் சொச்சம். கடையை அமுக்குவது அரிசி இல்லை. காலையில் தொயோசு சந்தையில் வாங்கி ராத்திரி மிஞ்சும் மீன், வாடகை, காலியாக இருக்கும் நாற்காலி, இவைதான்.

ராத்திரிகளின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ராத்திரி இந்தக் கடையில் ஒகோனோமி கிடையாது. ஒமாகசே மட்டும். "உங்கள் கையில் விட்டுவிடுகிறேன்" என்று அர்த்தம். 8,800 யென், பதினாலு துண்டு, ஆறு மணிக்கு ஒரு பந்தி, எட்டேகாலுக்கு ஒரு பந்தி. முன்பதிவு செய்யணும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே துண்டு வரும், வகுப்பில் உட்கார்ந்த மாதிரி. மதியம் அவ்வளவு நிதானமாக இருந்த அதே கை, ராத்திரி வேறு யாரோ போல நடந்துகொள்கிறது. சூரை வயிற்றின் மேல் கேஸ் பர்னரால் ஒரு சூடு, அதன் மேல் ட்ரஃபிள் உப்பு. கடல் முள்ளெலி முட்டையின் மேல் சால்மன் முட்டை. எல்லாரும் போனைத் தூக்கினார்கள். கொஹாதா ஒன்பதாவதாக ஒரே ஒரு துண்டு, பேச்சு மூச்சில்லாமல் வந்து போனது. ரெண்டாவது கேட்டேன், "பந்தி முடிந்ததும் இருந்தால் பார்க்கலாம்" என்றார். முடிந்தபோது அடுத்த பந்திக்காரர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

சுவையாக இல்லை என்று சொல்ல மாட்டேன், சுவைதான். சோறும் அதே சோறு. என் புகார் வேறு. அந்தப் பெரியவர் ராத்திரி இங்கே வர முடியாது. நாலு துண்டுக்காக யார் ரெண்டு மணி நேரம் உட்காருவார்கள்? என் மனைவி வர முடியாது. முன்பதிவுப் பக்கத்தில், ஒவ்வாமைக்கும் பிடிக்காதவற்றுக்கும் மாற்று கிடையாது என்று மரியாதையாகப் போட்டிருக்கிறார்கள். மதியம் சூப்பில் மீன் இருக்கு என்று ஓடிவந்து சொன்ன அதே அம்மாவின் கடை இது. என் பெண்ணைக் கூட்டிப் போனால் அவளுக்கும் முழு விலை, மூணு பேருக்கு 26,400 யென். ஏழு நிமிஷ நடையில் இருக்கும் கடைக்கு, வேலை முடிந்து வரும் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ராத்திரி, எங்கள் தெருவில் யாரும் போக முடியாது. ரெண்டாவது ராத்திரி எட்டு நாற்காலியில் நாலு பேர் ரயிலேறி எங்கிருந்தோ வந்தவர்கள். நல்ல மனுஷர்கள்தான், ஆனால் அவர்களுக்கு இது லிஸ்ட்டில் ஒரு கடை. அடுத்த மாசம் வேறொன்று.

நிகிரி பிறந்தபோது அது தெருவண்டிச் சரக்கு, நின்றுகொண்டே ரெண்டு தின்று, கையைத் துடைத்துக்கொண்டு போவது என்று வரலாறு பேசலாம். அது முழு வாதம் ஆகாது என்று எனக்கும் தெரியும். பரோட்டாக் கடையும்தான் ஏசி போட்டுக்கொண்டது. எனக்கு முக்கியமாகப் படுவது, ஒகோனோமியில் தின்கிறவருக்கு வேலை இருக்கிறது. சுவரைப் பார்க்கணும், பேர் படிக்கணும், எது முதலில் என்று முடிவு செய்யணும், பிடித்ததை மறுபடி கேட்கணும், பர்ஸைப் பார்த்துக்கொள்ளணும். பந்தியில் இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்து "போதும்" என்கிறோமே, அதைச் சொல்ல இடம் இருக்கணும். கொஹாதா மழைநாளில் ஒரு துளி உப்பு தூக்கல் என்று எனக்குத் தெரிந்தது நாலு தடவை நானே கேட்டு வாங்கியதால்தான். ஒமாகசேயில் அதே மீன் பதினாலில் ஒன்று. நினைவில் நிற்பது ட்ரஃபிள் உப்பு.

கடைக்காரர் பக்கம் என்ன என்று கேட்காமல் எழுதக் கூடாது என்பதால் போன வாரம் மதியம் கூட்டம் வடிந்ததும் கேட்டேன். திறந்த முதல் மாசம் ராத்திரியும் ஒகோனோமிதான் வைத்தாராம். இருபது வகை மீன் தயாராக இருக்கணும், எத்தனை பேர் வருவார்கள், எது போகும், எதுவும் தெரியாது. ஒரு மழை ராத்திரி மூணே பேர். மிச்சம் எல்லாம் மறுநாள் வீட்டுச் சாப்பாடு. கோர்ஸ் என்றால் பதினாறு தலை, பதினாலு வகை, காலையில் சந்தையிலேயே கணக்கு முடிந்துவிடும். புரிகிறது. நானும் என்ன ஆர்டர் வரும் என்று தெரியாமல் சர்வர் கணக்குப் போடுகிற தொழிலில் இருப்பவன். இதே பிரச்சினைக்கு 1958-இல் ஒசாகா பக்கம் ஷிராய்ஷி யோஷியாகி வேறொரு விடை கண்டார். பீர் ஆலையில் பாட்டில் நகரும் பெல்ட்டைப் பார்த்துவிட்டு, சுஷித் தட்டை அதில் ஏற்றிவிட்டார். ஆள் குறைந்தது, விலை குறைந்தது, தின்கிறவர் தன் கையால் எடுத்துக்கொண்டார். 1970 ஒசாகா எக்ஸ்போவுக்குப் பிறகு நாடு முழுக்கப் பரவியது. அந்த 100 யென் தட்டும் 2022 அக்டோபரோடு சில பெரிய சங்கிலிகளில் போய்விட்டது என்பது வேறு கதை. பெல்ட், கோர்ஸ் ரெண்டுமே மிச்சமாகும் மீனுக்குப் பயந்து கண்டுபிடித்த வழிகள்தான். ஆனால் பெல்ட்டில் நாலு தட்டோடு எழுந்து போக முடிந்தது.

எட்டு நாற்காலியில் ரெண்டை மட்டும், செவ்வாய் புதன் மட்டும், முன்பதிவு இல்லாமல் விட்டுவையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கோர்ஸுக்கு வாங்கிய அதே பதினாலு வகையிலிருந்து கேட்பதைக் கொடுங்கள், இல்லாததை இல்லை என்று சொல்லுங்கள், மகி மட்டும் எப்போதும் இருக்கட்டும். கூடுதல் மீன் வாங்க வேண்டியதில்லை. அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா, "கோர்ஸ் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருத்தர் வெள்ளரிக்காய் மகி கேட்டால் கை தடுமாறும்" என்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு வருஷம் ஓடட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அதுவரை மதியம் போங்கள். ஒரு மணிக்கு மேல், ஒன்றரைக்குள். செட் 1,650 யென், அதுவும் மோசமில்லை. ஆனால் பட்டைகளைப் பார்த்து நீங்களே கேளுங்கள். கொஹாதா, ஊறவைத்த சூரை, கணவாய், அனாகோ கேட்டால் குழம்பு வேண்டாம் உப்பு போதும் என்று சொல்லிவிடுங்கள். மீன் தின்னாதவர்கள் உமே ஷிசோ மகியை விடாதீர்கள். ஜூலை கடைசியில் கொஹாதாவின் குஞ்சான ஷின்கோ வர ஆரம்பிக்கும். விரல் நீளம்தான் இருக்கும், ஒரு நிகிரிக்கு மூணு மீன் வைக்கணும், சந்தையில் முதல் வாரம் விலை கேட்டால் தலை சுற்றும். கோர்ஸில் மட்டும் போடுவாரா, மதியம் பட்டையிலும் எழுதித் தொங்கவிடுவாரா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.